இளைக்கும் காலத்தின் சோர்வு

உடல் பருமனைக் குறைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் பலருக்கு முதல் ஆறு மாதத்துக்குள் மனம் சோர்ந்து போகிறது. எடை இறங்கிக்கொண்டிருக்கும்போதே இது வருவதால் வீட்டாருக்கும் புரிவதில்லை, பட்டவருக்கும் புரிவதில்லை. விரும்பிச் செய்துகொண்ட சிகிச்சை, காசும் செலவழித்தாயிற்று, உடம்பும் இளைக்கிறது. பிறகு அழுகை எதற்கு என்று யாராவது கேட்டால் பதில் கிடைப்பதில்லை. பதில் கிடைக்காத இடத்தில், 'அவசரப்பட்டுவிட்டோமோ' என்ற எண்ணம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்த எண்ணத்தைப் பெரும்பாலும் கிளப்பிவிடுவது உடம்புதான். எடுத்த முடிவு சரியா தவறா என்பதற்கு அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இங்கே சொல்லப்படும் அனுபவம், 2019இல் நெல்லையிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டத்தில், திருவேங்கடத்தில் வாழும் ஓர் ஆசிரியையினுடையது. நாற்பதுகளில் இருப்பவர். சர்க்கரை நோய், முழங்கால் வலி, படுத்தால் மூச்சு முட்டும் உறக்கக் கோளாறு என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்த பிறகு, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்லீவ் அறுவை செய்துகொண்டார். திருவேங்கடம் கரிசல் மண்ணில் இருக்கும் சிறிய ஊர். சங்கரன்கோவில், கழுகுமலை, ராஜபாளையம் எல்லாம் அதன் சுற்றுவட்டம். இந்த அறுவைக்கும் அதற்குப் பிந்தைய ஆலோசனைக்கும் அங்கிருப்பவர்கள் மதுரைக்கோ நெல்லைக்கோ அதற்கு அப்பாலோ போய்த்தான் ஆக வேண்டும். அந்தத் தூரமும் சோர்வைக் கூட்டுகிறது.

ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் இடப்பக்கத்தை நெடுக வெட்டி, ஏறத்தாழ முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒடுங்கிய ஒரு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு சுரக்கும் பகுதியும் வெட்டியெடுத்ததோடு போய்விடுகிறது. பைபாஸ் என்னும் இன்னொரு வகையில் இரைப்பையைச் சிறிதாக்குவதோடு, உணவு சிறுகுடலின் முற்பகுதியைத் தாண்டிப் போகும்படி வழியை மாற்றிவிடுகிறார்கள். அந்த முறையை 1966இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் தொடங்கிவைத்தார். உடல் நிறைக் குறியீடு 35ஐத் தாண்டினால் மற்ற நோய் இல்லாவிட்டாலும் இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்று 2022இல் உலக அளவிலான அறுவை மருத்துவர் சங்கங்கள் விதியைத் திருத்தின. ஆசியர்களுக்கு உடலில் கொழுப்பு சேரும் விதம் வேறு என்பதால் 27.5இலிருந்தே ஆலோசிக்கலாம் என்றும் சொல்லின. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 சதவீதம் பேர் கூடுதல் எடை அல்லது உடல் பருமன் உடையவர்கள். இத்தனை பேருக்கு வரும் ஒன்றை வாயடக்கம் இல்லாத குறை என்று பேசுவது நியாயமாகாது.

ஆசிரியைக்குப் பள்ளியின் முழு ஆண்டு விடுமுறையில் அறுவை நடந்தது. லேப்ராஸ்கோப்பி முறை என்பதால் வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் மட்டும்; சில நாட்களில் வீடு திரும்பிவிட்டார். முதல் இரண்டு வாரம் திரவ உணவுதான். வடிகட்டிய பருப்புத் தண்ணீர், நீர்மோர், தெளிந்த ரசம், புரோட்டீன் பவுடர் கலந்த ஆடை நீக்கிய பால். மருந்து அளக்கும் சின்னக் கிண்ணத்தில் 30 மில்லி ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்ச வேண்டும். ஒரே மடக்காகக் குடித்தால் நெஞ்சுக்கூட்டுக்கு நடுவில் வலி அடைக்கும். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போயாக வேண்டும் என்பதால் விழித்திருக்கும் நேரமெல்லாம் கிண்ணமும் கையுமாகவே கழிந்தது. சித்திரை, வைகாசி வெயிலில் கரிசல்காட்டு ஊரில் இதைச் செய்வது சுலபமில்லை. தாகம் எடுத்தால் சொம்போடு அண்ணாந்து குடித்துப் பழகிய உடம்பு அது. உடம்பில் நீர் குறைந்தாலே தலைவலியும் கிறுகிறுப்பும் எரிச்சலும் வந்துவிடும். அந்த எரிச்சலை மனக்குறை என்று எண்ணிக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

பிறகு மசித்த சாப்பாடு, அதன் பின் மெதுவான சாப்பாடு. இரண்டாம் மாதத்தில் ஓர் இட்லியில் பாதியைச் சின்னத் தட்டில் வைத்து, குழந்தைக்கு ஊட்டும் கரண்டியால் விள்ளி விள்ளி, இருபது நிமிடம் மென்றுகொண்டிருப்பார். பக்கத்தில் பிள்ளைகள் தோசை மேல் தோசை கேட்பார்கள். மாமியார் பார்த்துப் பொறுக்காமல், "பச்சப்புள்ளகூட இதைவிடக் கூடச் சாப்பிடுமே தாயி" என்பார். சாப்பிடும்போதும், சாப்பிட்டு அரை மணி நேரம் வரையும் தண்ணீர் குடிக்கக் கூடாது. வற்றல் குழம்பு, கருவாடு, பருத்திப்பால் என்று நாக்கு வளர்ந்த விதம் ஒன்று. தட்டில் இருப்பது வேறொன்று. இவருக்குப் பசி இல்லை. சாப்பிட வேண்டும் என்ற நினைப்பு மட்டும் போகவில்லை. கோபம் வந்தாலும், பள்ளியில் வேலைச் சுமை கூடினாலும், வீட்டில் யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டாலும் கை தானாகத் தேடிய காரச்சேவும் கடலை மிட்டாயும் இனி உதவாது. அவற்றின் இடத்தில் வைக்க வேறெதுவும் அப்போது அவரிடம் இல்லை. ஆறுதலாக இருந்த ஒன்றைப் பறிகொடுத்த துக்கம் அது. அப்படித்தான் அதைக் கருத வேண்டும்.

குறைவாகச் சாப்பிடுவதே மனத்தைத் தளர்த்தும் என்பது மருத்துவம் அறிந்த செய்தி. 1944–45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர், போருக்குப் போக மறுத்து இதற்குத் தாமாக முன்வந்த 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார். அவர்கள் உடல் எடையில் ஏறத்தாழ கால் பங்கை இழந்தார்கள். கூடவே எரிச்சல், உற்சாகமின்மை, யாரோடும் சேராமல் ஒதுங்குவது, நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே நினைப்பது எல்லாம் வந்தன. சமையலில் அக்கறையே இல்லாதிருந்தவர்கள் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார்கள். அவர்கள் அனைவரும் தொடக்கத்தில் நல்ல மனநலத்தோடு இருந்தவர்கள். அந்த அரைப்பட்டினியிலும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,600 கலோரி சாப்பிட்டவர்கள். அறுவைக்குப் பிந்தைய முதல் மாதத்தில் உள்ளே போவது அதில் பாதிகூட இருப்பதில்லை. மயக்கமருந்தின் களைப்பும் வலியும் இதோடு சேர்கின்றன. ஆகவே முதல் மாதங்களில் காரணமில்லாமல் கண் கலங்குகிறவரைப் பார்த்து 'மனசைத் திடப்படுத்திக்கோ' என்பதில் பயனில்லை. ஆசிரியைக்கு இந்தச் செய்தியை உணவு ஆலோசகர் தொலைபேசியில் எடுத்துச் சொன்னார். உடம்பு பட்டினியை உணர்கிறது, மனம் அதற்குப் பதில் சொல்கிறது என்று கேட்டதிலேயே பாதி பாரம் இறங்கியது என்பது அவர் நினைவு. அறுவைக்கு முன்பே இதைச் சொல்லியிருக்க வேண்டும். கையெழுத்து வாங்கும் காகிதங்களில் ரத்தப்போக்கும் கசிவும் எழுதியிருக்கின்றன. இந்த அழுகைக்கும் அதில் ஒரு வரி இருப்பது நல்லது.

மூன்றாவது வாரத்தை ஒட்டி எடை அப்படியே நின்றுவிடுவது அடுத்த அடி. ஏறத்தாழ எல்லோருக்கும் நேர்வது இது. உடம்பில் கிளைகோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு ஏறக்குறைய அரைக் கிலோ இருக்கும். ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு நின்றதும் முதலில் அந்தச் சேமிப்பு கரைந்து, தண்ணீரும் வெளியேறுவதால் எடை மளமளவென்று இறங்குகிறது. அது தீர்ந்த பிறகு கொழுப்பு கரையும் வேகம்தான் உண்மையான வேகம். இடையில் உடம்பு கொஞ்சம் தண்ணீரைத் திரும்பப் பிடித்துக்கொள்வதும் உண்டு. அப்போது எடை மிஷினில் முள் அசையாது. காலையில் ஒரு தரம், குளித்த பிறகு ஒரு தரம், ராத்திரி ஒரு தரம் என்று ஏறி ஏறிப் பார்த்த ஆசிரியைக்கு, வயிற்றையே வெட்டியும் தன் உடம்பு திருந்தாது என்ற முடிவே வந்துவிட்டது.

அதை மாற்றியது தையல்கடைக்காரர். பள்ளி திறப்பதற்கு முன் பிளவுஸ்களைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தார். முள் நின்றிருந்த அந்த நாட்களிலேயே பிளவுஸ் மறுபடி தொளதொளத்தது. திரும்பக் கொண்டுபோனபோது தையல்காரர் டேப்பை மார்பில் சுற்றிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இனியும் சைடு பிடிச்சா கைக்குழி சரியா உக்காராது. புதுசாத் துணி எடுத்துட்டு வாங்க" என்றார். எடை நிற்கும்போதும் அளவு குறையலாம் என்று மருத்துவர்கள் சொல்வதை அவர் டேப்பில் காட்டிவிட்டார். அதன் பின் எடை பார்ப்பது வாரத்துக்கு ஒரு முறை, ஒரே நாள், ஒரே நேரம் என்றானது. எடையோடு, இடுப்புச் சுற்றளவு, காலைச் சர்க்கரை அளவு, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்பது எல்லாம் ஒரு நோட்டில் ஏறின. ஒன்று நின்றால் இன்னொன்று நகர்ந்துகொண்டிருக்கும்.

இதைவிடக் கடினமானது ஊர்வாய். அறுவையைப் பற்றி வெளியே சொல்லக் கூடாது என்பது குடும்பத்தின் முடிவு. பித்தப்பையில் கல் என்று சொல்லிவைத்தார்கள். கத்தி வைத்து இளைத்தவள், வாயைக் கட்டத் தெரியாதவள் என்ற பேச்சுக்குப் பயந்த முடிவு அது. பல வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. விளைவு, பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் வாங்கி வந்து, கண்ணெதிரே குடிக்கச் சொன்னார்கள். ஒரு தடவை மறுக்க முடியாமல் சர்க்கரை போட்டு ஆற்றிய ஹார்லிக்ஸைக் குடித்தார். சிறிது நேரத்தில் நெஞ்சு படபடத்து, வியர்த்து, வயிற்றைப் பிடுங்கி, கட்டிலில் சாய்ந்துவிட்டார். இனிப்பு ஒரேயடியாகச் சிறுகுடலில் இறங்குவதால் வரும் இந்த நிலை பைபாஸ் செய்தவர்களுக்கு அதிகம், ஸ்லீவிலும் வரும். பார்த்தவர்கள் ஆபரேஷன் கெட்டுப்போயிற்று என்று பயந்தார்கள். உண்மையைச் சொல்லவும் முடியவில்லை.

ஜூனில் பள்ளிக்குப் போனதும் தெருவிலும் பஸ்ஸிலும் ஒரே விசாரிப்பு. "என்ன டீச்சர், இப்படி வத்திப் போயிட்டீக? சுகர் கூடிப்போச்சா?" கேட்டவர்கள் அக்கறையோடுதான் கேட்டார்கள். கரிசல் ஊர்களில் பூசினாற்போல் இருப்பது நிறைவு, இளைப்பது ஏதோ கஷ்டத்தின் அடையாளம். மற்ற ஊர்களில் இளைத்தவருக்குப் பாராட்டு கிடைக்கலாம். இங்கே அனுதாபம்தான் கிடைக்கும். நல்லது நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பவரிடம் நாள்தோறும் யாராவது வந்து துக்கம் விசாரித்தால் அந்த நம்பிக்கை தேயும். மறைத்துவைத்த விஷயத்துக்கு விளக்கம் சொல்லவும் வழியில்லை.

கடைசியில் நாத்தனாரிடம் மட்டும் உள்ளதைச் சொன்னார். இந்தக் காலத்தில் அவர் செய்தவற்றில் இதற்கே முதலிடம் தர வேண்டும். ஆனியில் சங்கரன்கோவிலில் ஒரு கல்யாணம். பந்தியில் நாத்தனார் பக்கத்து இலையில் உட்கார்ந்து, இவர் இலையில் விழுந்த வடையையும் பாயாசத்தையும் யார் கண்ணிலும் படாமல் தன் இலைக்கு மாற்றிக்கொண்டார். பருப்பும் கொஞ்சம் கூட்டும் தொட்டுவிட்டு இவரால் நிம்மதியாக எழுந்திருக்க முடிந்தது. சாரல் சீசனில் உறவினர்கள் வேன் பிடித்துக் குற்றாலத்துக்குக் கிளம்பியபோதும் அதே நாத்தனார்தான் துணை. பிரானூர் பார்டர் கடையில் மற்றவர்கள் புரோட்டாவைப் பிய்த்துப்போட, இவருக்குக் கோழிச் சாற்றில் மெத்தென்று வெந்த இரண்டு துண்டு வந்தது. சாப்பாட்டு இடங்களைத் தவிர்த்து வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்களுக்குச் சோர்வு கூடுகிறது. பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் இருந்தால் போய்வரலாம்.

ஆடியில், சங்கரன்கோவில் ஆடித்தபசுக்கு ஊரெல்லாம் கிளம்பிக்கொண்டிருந்த நாட்களில், முடி கொட்ட ஆரம்பித்தது. தலை வாரினால் சீப்பு நிறைய, குளித்தால் சாக்கடைத் துளை அடைக்க. உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி நேர்ந்தால் வளரும் முடிகள் பல ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாக உதிரும். பிரசவத்துக்குப் பிறகும் கடுங்காய்ச்சலுக்குப் பிறகும் நடப்பது இதுவே. பெரும்பாலும் மூன்றாம் மாதத்தில் தொடங்கி ஆறாம் மாத வாக்கில் நின்று, திரும்ப முளைத்துவிடும். ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் போகாவிட்டாலும், இரும்புச்சத்து குறைந்தாலும் உதிர்வு நீளும். விலையுயர்ந்த எண்ணெய்கள் இதற்கு உதவா. முட்டை வெள்ளை, பயறு, தயிர், மீன் என்று முதலில் புரதத்தைச் சாப்பிட்டுவிட்டு இடமிருந்தால் மற்றது என்பதே வழி. ஆனால் ஒரு பெண்ணுக்கு முடி உதிர்வது எவ்வளவு பெரிய அடி என்பதை 'தானாக வந்துவிடும்' என்ற சொல்லால் ஆற்றிவிட முடியாது. ஆசிரியை அழுதார். ராஜபாளையத்தில் ஓராண்டுக்கு முன் இதே அறுவை செய்துகொண்ட ஒரு பெண்ணின் அறிமுகத்தை உணவு ஆலோசகர், இருவர் சம்மதத்தோடும், ஏற்படுத்திக்கொடுத்திருந்தார். அந்தப் பெண் தன் நெற்றியோரம் புதிதாக முளைத்து நட்டுக்கொண்டு நிற்கும் முடியைப் படமெடுத்து அனுப்பினார். மருத்துவர் சொல்லி நம்பாததை அந்தப் படம் நம்பவைத்தது. பெரிய மருத்துவமனைகளில் இப்படிப்பட்டவர்கள் கூடிப் பேச ஏற்பாடு உண்டு. தூரத்து ஊர்க்காரர்களுக்கு இப்படி ஒரு தொலைபேசித் துணையாவது வேண்டும்.

சோர்வுக்கு உடம்பில் வேறு காரணம் இருக்கிறதா என்று பார்ப்பதும் கட்டாயம். பி12, இரும்பு, வைட்டமின் டி குறைந்தால் களைப்பும் மந்தமும் வரும். ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் பழைய அளவிலேயே தொடர்ந்தால், எடை இறங்கிய உடம்புக்கு அவை மிகையாகித் தலைசுற்றும். ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, குறிப்பாக பைபாஸுக்குப் பிறகு, அது உடம்பில் சேரும் அளவு மாறலாம். தானாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். எல்லாவற்றையும்விட அவசரமானது தயமின் என்னும் பி1 குறைபாடு. அதன் சேமிப்பு சில வாரங்களுக்கே வரும். தொடர்ந்து வாந்தி எடுப்பவர்களுக்கு முதல் மூன்று மாதத்துக்குள் அது தீர்ந்து, நடை தள்ளாடி, பார்வை இரண்டாகி, நினைவு குழம்பி, மூளைக்கே நிரந்தரச் சேதம் வரக்கூடும். நம் ஊர்களில் அசதி என்றால் பக்கத்து கிளினிக்கில் போய் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது வழக்கம். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் இந்தச் சேதம் வேகமாக வரும். ஆகவே எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் இன்ன அறுவை செய்திருக்கிறது என்று முதலில் சொல்லிவிட வேண்டும். பித்தப்பைக் கல் என்று மறைத்துவைத்த வீட்டில் இது உயிர்ப் பிரச்சினை. நாத்தனாரிடம் சொன்ன பிறகு, அறுவைச் சுருக்கத்தின் நகல் ஒன்று ஆசிரியையின் கைப்பையிலும் இன்னொன்று வீட்டு அலமாரியிலும் வைக்கப்பட்டன.

சாதாரணச் சோர்வு எங்கே முடிந்து நோய் எங்கே தொடங்குகிறது என்பதையும் வீட்டார் அறிந்திருக்க வேண்டும். அறுவைக்கு வருகிறவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு முன்பே மனச்சோர்வு நோய் இருப்பதாக 2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. அறுவைக்குப் பின் பெரும்பாலோருக்கு அது குறையவே செய்கிறது. ஆனால் எல்லோருக்கும் அல்ல. 2007இல் வெளியான யூட்டா மாநில ஆய்வில், பைபாஸ் செய்தவர்களிடையே மொத்த இறப்பு 40 சதவீதம் குறைந்திருந்தது. விபத்து, தற்கொலை போன்ற நோய் சாராத இறப்புகள் மட்டும் 58 சதவீதம் கூடியிருந்தன. கனடாவின் ஒண்டாரியோவில் 8,815 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில், தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள் அறுவைக்குப் பின் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆனார்கள்; அந்தச் சம்பவங்களில் பெரும்பாலானவை இரண்டாம் மூன்றாம் ஆண்டில் நடந்தவை. உணவில் கிடைத்த ஆறுதலைச் சிலர் மதுவில் தேடுகிறார்கள். பைபாஸுக்குப் பின் மது சீக்கிரமாகவும் கடுமையாகவும் ஏறும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, வேலைக்குப் போக முடியாமை, குளிக்கக்கூட மனமில்லாமை, செத்துவிடலாம் என்ற பேச்சு இருந்தால் அது காத்திருக்கக் கூடாத நிலை. அரசின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

ஆசிரியைக்கு நிலைமை அந்த எல்லைக்குப் போகவில்லை. சாயங்காலம் கண்மாய்க்கரையில் நடப்பது, இரவுச் சாப்பாட்டைத் தனியாக முடிக்காமல் பிள்ளைகளோடு அதே நேரத்தில் உட்கார்ந்து முடிப்பது, ராஜபாளையத்துப் பெண்ணோடு பேசுவது என்று நாட்கள் ஓடின. ஐப்பசி வாக்கில் அழுகை தானாகக் குறைந்தது. அதற்குள் முட்டை, மீன், கால் கரண்டி சோறு என்று சாப்பாடு ஒரு நிலைக்கு வந்திருந்தது, சர்க்கரை மாத்திரை ஒன்று நின்றிருந்தது, இரவில் மூச்சு முட்டி எழாமல் தூங்கினார். தூக்கம் சரியானதே மனத்துக்குப் பெரிய மருந்து.

ஸ்லீவ் செய்தவர்கள் ஓராண்டில் மொத்த எடையில் சராசரியாகக் கால் பங்கு முதல் 30 சதவீதம் வரை இழக்கிறார்கள். 12 முதல் 18 மாதத்துக்குள் எடை அடிமட்டத்தைத் தொட்டு, அதன் பின் கொஞ்சம் ஏறி நிலைக்கும். அந்தச் சிறு ஏற்றத்தையும் தோல்வியென்று எண்ணிச் சோர்கிறவர்கள் உண்டு. கையிலும் வயிற்றிலும் தோல் தொங்கும். பிள்ளை பெற விரும்பும் பெண்கள் 12 முதல் 18 மாதம் வரை தள்ளிப்போட வேண்டும். வைட்டமின் மாத்திரைகள் ஆயுளுக்கும் உண்டு. ரத்தப் பரிசோதனை முதல் ஆண்டில் சில மாதங்களுக்கு ஒரு முறை, பிறகு ஆண்டுதோறும். திருவேங்கடத்து ஆசிரியை பரிசோதனைக்கான ரத்தத்தைச் சங்கரன்கோவிலில் கொடுத்துவிட்டு, முடிவை மதுரைக்குப் படமெடுத்து அனுப்பி, மருத்துவரோடு தொலைபேசியில் பேசிக்கொள்கிறார். நேரில் போவது ஆண்டுக்கு ஒரு முறை, பள்ளி விடுமுறையில், நாத்தனாரோடு.